மஞ்சூர் பஸ் ஏறிய இரண்டாவது டின்

பாசத்துக்கும், போன சனிக்கிழமை முதல் கொஞ்சம் சந்தேகத்துக்கும் உரிய என் அப்பாவுக்கு,

வருகிற ஞாயிறோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. கோயிலில் நினைவுப் பூசைக்குச் சொல்லியாயிற்று. வந்தவர்கள் கையில் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்குப் பிடித்த ரவை கேக்கையே போட்டுவிடலாம், ஒரு வாரம் ஊறினால்தானே அதற்கு ருசி என்று சனிக்கிழமை காலையிலேயே வேலையில் இறங்கினேன். அதில்தான் வந்தது வினை.

கேக்கில் ஒரு குறையும் இல்லை. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் துரை வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவிய வயதில் கத்தியில் ஒட்டிய தூளை வழித்துத் தின்று பழகினீர்களே, அதே கேக்தான். அங்கே அதற்கு லவ் கேக் என்று பெயராம். பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசிவரை ரவை கேக் என்றே சொன்னீர்கள். அரைக் கிலோ ரவை, இருபது முட்டையின் மஞ்சள் கரு, முந்திரி, நீங்கள் தோசி என்று சொல்லும் பாகில் ஊறிய பூசணித் துண்டு, ஏலம், பன்னீர். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கலந்த மாவைப் பெரிய அலுமினியச் சட்டியோடு தூக்கிக்கொண்டு, நீங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் போன அந்தக் குன்னூர் பேக்கரிக்கே போனேன்.

அங்கே நான் போவது அதுதான் முதல் தடவை. என்னை நீங்கள் ஒரு வருஷம்கூட வரவிட்டதில்லை. "நீ எதுக்கு புள்ள, அந்தப் புகையில வந்து நின்னுகிட்டு?" என்பீர்கள். காலையில், நீங்கள் பாண் என்று சொல்லும் ரொட்டியை இறக்கியதும் அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில், ஊர்க்காரர்கள் கொண்டுவரும் கிறிஸ்மஸ் மாவையெல்லாம் வேகவைத்துக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே வேறு என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது.

பேக்கரி முருகேசண்ணன் சட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க டீச்சர். அய்யா போனதுக்கப்புறம் இந்தச் சட்டிய மறுபடி பாப்பேன்னு நெனைக்கவே இல்லீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிறகு, ஏதும் கேட்காமல் இரண்டு டின்னை எடுத்து வெண்ணெய் தடவினார்.

"எதுக்குண்ணா ரெண்டு? நம்மளுது ஒண்ணுதானே?"

"எப்பவும் ரெண்டு தானுங்களே டீச்சர். ஊட்டுக்கு ஒண்ணு, மஞ்சூருக்கு ஒண்ணு. மஞ்சூர் டின்ன மட்டும் பேப்பர் சுத்திச் சணல்ல கட்டித் தரச் சொல்லுவாருங்க. கட்டி முடிக்கறதுக்குள்ள பஸ் போயிருமோ, பஸ் போயிருமோன்னு அதே பேச்சு."

"எத்தனை வருஷமா?"

"அது ஆச்சுங்க, பத்து வருஷத்துக்கு மேல. அம்மா தவறுனாங்கல்ல, அதுக்கு அடுத்த கிறிஸ்மஸ்ல இருந்துன்னு வெச்சுக்கங்களே. ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாமல் என்ன, தெரியும், சும்மா கேட்டேன் என்று சிரித்து வைத்தேன். காது இரண்டும் சுட்டது அப்பா.

கேக் ஏன் இத்தனூண்டு வருகிறது என்று வருஷா வருஷம் உங்களைக் கேட்டேனா இல்லையா? சட்டி நிறையக் கலந்து கொடுத்தால் ஒரு சின்ன டின்னோடு வந்து நிற்பீர்கள். அதற்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "அட, மலைக் குளிருக்கு ரவை சுண்டத்தான் செய்யும். நம்ம பேக்டரியில அஞ்சு கிலோ பச்சை இலை போட்டா ஒரு கிலோ தூள்தானே வருது? மிச்ச நாலு கிலோவ யாரு தின்னா?" முப்பத்தைந்து வருஷம் தேயிலை பேக்டரியில் இலை வாட்டிய மனுஷன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? நானும் நம்பினேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். வெளியே சொன்னால் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும்.

இரண்டு டின்னும் வெந்து வந்தன. இரண்டும் விளிம்புவரை நிறைந்திருந்தன. எதுவும் சுண்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குள்ளிருந்த போலீஸ்காரி எழுந்துகொண்டாள். நீங்கள்தானே அப்படிக் கேலி செய்வீர்கள்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சம்பளக் கமிஷனில் வந்த பாக்கிப் பணத்தில் வீட்டுக்கே ஒரு கரண்ட் அடுப்பு வாங்கினேன். "விறகு ருசி வராது" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். கேக் வேகிற அன்றைக்கு மட்டும் பொழுது சாயும்போதுதான் திரும்புவீர்கள். கேட்டால், பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரே கூட்டம் என்பீர்கள். ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க அப்படி என்ன பாவம் செய்தீர்கள் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரோஸ் நிறக் கம்பளிக் குல்லா உங்கள் கோட் பாக்கெட்டில் இருந்தது. சின்னப் பிள்ளைக்குப் போடுவது. பேக்டரி கிளார்க்கின் பேத்திக்கு என்றீர்கள். கிளார்க்குக்குப் பேத்தியே கிடையாது, இரண்டும் பேரன்கள். அதை நான் அன்றைக்கே யோசித்தேன், ஆனாலும் விட்டுவிட்டேன். உங்களிடம் மட்டும்தான் நான் அப்படி விட்டுக்கொடுத்துப் போனது.

அம்மா போன அடுத்த வருஷம். மஞ்சூர். ரகசியமாக ஒரு டின். பிள்ளைக் குல்லா. இதைக் கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும் என்று நீங்களே சொல்லுங்கள். சனிக்கிழமை முழுக்க உங்கள் போட்டோவுக்கு மெழுகுவத்தி ஏற்றவில்லை. எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம், அப்பா தனியாகி விடுவார் என்று பதினோரு வருஷம் உங்களோடு இருந்தேனே, தனியாகத்தான் இருந்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இரண்டாவது டின்னைப் பேப்பரில் சுற்றிச் சணலில் கட்டி, மஞ்சூர் பஸ் ஏறினேன். பையில் உங்கள் படம் போட்ட நினைவு அட்டை ஒன்றை வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் என்ன பேச வேண்டும் என்று வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பிக்கட்டி நிறுத்தம் வருவதற்குள் அவளுக்கு ஒரு முகமே வந்துவிட்டது. குங்குமம் வைத்த, எதற்கும் பயப்படாத முகம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "ஏம்மா, தலைசுத்துதா? எலுமிச்சம்பழம் வேணுமா?" என்று கேட்டார். வளைவுதான் காரணம் என்று நினைத்துவிட்டார் பாவம்.

மஞ்சூரில் இறங்கி, பஸ் நிற்கும் இடத்தில் இருந்த டீக்கடையில் உங்கள் அட்டையைக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, பெரியவர் இல்லீங்களா இப்ப? கிறிஸ்மஸ்க்கு ஆளக் காணமேன்னு நெனச்சேனுங்க" என்றார். பிறகு கையை நீட்டி, "அதோ, படிக்கு மேல அந்த மஞ்ச ஊடு. நேரா அங்கதான் போவாரு. அந்தப் பாப்பா ஓடியாந்து காலக் கட்டிக்கும்" என்றார்.

பாப்பா. என் சந்தேகம் சரிதான் என்று ஆனபோது எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. எண்ணாமல் அத்தனை படியையும் ஏறினேன்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயசு இருக்கும். நெற்றியில் குங்குமம். வாயைத் திறந்து நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்வதற்குள் அவள் என் கையில் இருந்த டின்னைப் பார்த்தாள். சணலைப் பார்த்தாள். "மாமாவோட டின்னுங்களா?" என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

மாமாவா? எனக்குப் புரிவதற்கு முன்னால், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கையில் கிரீஸும் துணியுமாக சேவியர் வந்து நின்றான்.

நம் சேவியர், அப்பா. "எனக்கு மகனே இல்லை, அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது" என்று கோயில் ஆட்கள் முன்னால் நீங்கள் கத்தினீர்களே, அந்த சேவியர். அம்மா தவறிய வருஷமே, மதம் விட்டு, ரிஜிஸ்டர் ஆபீஸில் கோகிலாவைக் கட்டிக்கொண்டு போனவன். அவன் போன மூன்றாவது வாரம், அருவங்காட்டு மாப்பிள்ளை வீட்டார் "இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறது" என்று என் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் அவன் பெயரை எடுக்கவே இல்லை. நீங்கள் சொன்ன சொல்லை உங்களைவிட நான்தான் காப்பாற்றினேன். நீங்களும் காப்பாற்றுகிறீர்கள் என்றுதான் அந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களை எடுத்த அன்றைக்கு அவன் வந்தான். உங்களுக்கு அது தெரியாது, நான் சொல்லியாக வேண்டும். மழையில் நனைந்துகொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே ஊரே இருந்தது. நான்தான் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். "உன் முகத்துல முழிக்கமாட்டேன்னு அப்பா சொன்னாரு. அவரு இல்லைன்னு ஆனப்புறம் நான் அதை மீற முடியாது. போயிரு" என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டான். கல்லறையில் மண் போடும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

அவன் வீட்டு வாசலில் டின்னோடு நின்றபோது இதெல்லாம்தான் கண்ணுக்குள் ஓடியது. அவன் என்னை வா என்று சொல்லவில்லை. கோகிலாதான், "உள்ள வாங்க, காத்து அடிக்குது" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். உங்கள் பேத்தி நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தது. ரோஸ் குல்லா அதன் தலைக்குச் சின்னதாகிவிட்டது, ஆனாலும் இழுத்து மாட்டியிருந்தது.

"அப்பா இங்க வருவாருன்னு அன்னிக்கே ஏன்டா சொல்லல? கேட்டுல வெச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

"அப்பா சொல்ல வேண்டாம்னு சொல்லியிருந்தாரு" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "மொத வருஷம் டின்னோட வந்தப்பவே சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீங்க நாலு நாளு சாப்பிடாம கெடந்தீங்களாமே, கல்யாணம் நின்னப்ப. அதச் சொல்லிச் சொல்லி அழுவாரு. 'எனக்கு என்னிக்கோ கோவம் போயிருச்சுடா. அக்காவுக்குத்தான் ஆறல. அவ மனசு எறங்கட்டும், அதுவரைக்கும் அவளுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவா'ம்பாரு. வருஷா வருஷம் அதேதான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா, இது என்ன கூத்து? உங்கள் கோபம் ஆறட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் கோபம் ஆறட்டும் என்று நீங்கள் மூடிக்கொண்டிருந்தீர்கள். ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பதினோரு கிறிஸ்மஸுக்குப் பாதிக் கேக்கைத் தின்றிருக்கிறோம். ஒரே ஒரு தடவை "சேவியர் என்ன பண்றானோ" என்று நீங்கள் சொல்லியிருந்தால் போதாதா?

போதுமா என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. நான் எழுந்து தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் என்னைச் சரியாகத்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள், அதுதான் வலிக்கிறது. என் அப்பாவே என்னைக் கண்டு பயந்தாரா? அல்லது நான் ஒரு சாக்குத்தானா? கோயில் ஆட்கள் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கக் கௌரவம் இடம் கொடுக்காமல், எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறினீர்களா? இரண்டில் எது என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்? சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்களே.

கோகிலா டின்னைப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தாள். சேவியர் தொடவில்லை. நான் கிளம்ப எழுந்தபோதுதான் அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அப்பா மொகம் எப்படி இருந்துச்சு? அன்னிக்கு?"

அவ்வளவுதான் கேட்டான். ஏன் தடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லித் தாங்கியிருப்பேன். சாவு வீட்டில் போட்டோ, வீடியோ எதுவும் எடுக்கக்கூடாது என்று கறாராகச் சொன்னவளும் நான்தான். அவனுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை.

அதனால் மறுபடியும் உட்கார்ந்து சொன்னேன். வெள்ளைச் சட்டை, பேக்டரியில் ரிட்டையர் ஆன அன்றைக்குப் போட்டது. ஜெபமாலை வலது கையில். முகத்தில் வலி எதுவும் இல்லை, மத்தியானம் அசந்து தூங்குகிற மாதிரிதான் இருந்தார். "மீசைய ஒதுக்கி விட்டாங்களா?" என்றான். ஒதுக்கினோம் என்றேன். "எடது பக்கம் ஒரு முடி எப்பவும் தூக்கிக்கிட்டு நிக்குமே?" என்றான். அது அன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தது, தண்ணீர் தொட்டுத் தடவியும் படியவில்லை என்றேன். அதைக் கேட்டதும் அவன் கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பிள்ளை மிரண்டுபோய் அம்மாவிடம் ஓடிவிட்டது.

பஸ் வரை அவன் வந்தான். அடுத்த ஞாயிறு அப்பா நினைவுப் பூசைக்கு வா என்றேன். "பாக்கறேன்" என்றான். அந்த "பாக்கறேன்" எனக்குப் பிடிக்கவில்லை. வரமாட்டான் என்று நினைக்கிறேன். வர வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது, எந்த வாயால் கேட்பேன்?

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கோயில் ஆபீசுக்குப் போனேன். நினைவுப் பூசைச் சீட்டில் "இறந்த அந்தோணிக்காக, ஒரே பிள்ளை ஸ்டெல்லா" என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை மாற்ற வேண்டும் என்றதும், அங்கே இருக்கிற புதுப் பெண், "உங்க அப்பாவுக்கு ஒரே பிள்ளைன்னு தானே டீச்சர் இங்க எழுதியிருக்கு?" என்று கேட்டது. அது தப்பு, எழுதினவள் பொய் சொல்லிவிட்டாள் என்றேன். புதுச் சீட்டு வாங்கி, மகன் சேவியர், மருமகள் கோகிலா, பேத்தி, மகள் ஸ்டெல்லா என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் அதை மைக்கில் வாசிப்பார். நீங்கள் எந்த ஆட்கள் முன்னால் கத்தினீர்களோ, அவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் வராவிட்டால் அடுத்த ஞாயிறு நானே மஞ்சூர் போவேன். கதவு திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு அடுத்த ஞாயிறும் போவேன். அங்கே போய் அவன் கேட்கிற வரைக்கும் உங்கள் முகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பேன் அப்பா. அவனுக்கு நான் தராமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பித் தர முடியும். இது உங்களுக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம். இதில் ரகசியம் எதுவும் கிடையாது, ஊருக்கே தெரியட்டும்.

இப்படிக்கு,
சேவியரின் அக்கா,
உங்கள் மூத்த பிள்ளை
ஸ்டெல்லா